கடற்படை விமானமும் நம் மாணாக்கரும்

ஆண்டுதோறும் பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களினின்றும் நம் கலாசாலைக்கு வந்து சேரும் மாணாக்கருள் சிலர், கடற்படையில் விமானியாகப் பணிபுரியவேண்டுமென்னும் ஆவலைத் தெரிவிப்பதுண்டு. அவர்கள் ஆசிரியரை வினவுவன பெரும்பாலும் ஒரு தன்மையவே. எப்பாடத்தைப் பயிலவேண்டும்? எத்தேர்வை எழுதவேண்டும்? எவ்வயது வரையில் விண்ணப்பிக்கலாம்? இவற்றிற்கு விடை கூறுதல் எளிது. அரசாங்க அறிவிப்பைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால், "நீ ஒரு முறையேனும் ஆகாயத்திற் பறந்ததுண்டோ?" என்று நாம் திருப்பிக் கேட்டால், பெரும்பாலோர் இல்லையென்றே தலையசைப்பர். வாழ்நாள் முழுவதும் ஆகாயத்திற் செய்யவேண்டிய ஒரு தொழிலை, ஆகாயத்தை ஒரு நாளும் அறியாமலே ஒருவன் தேர்ந்துகொள்கிறான். நீரிற் காலை நனையாதவன் நீச்சற் போட்டிக்குப் பெயர் கொடுப்பதை ஒக்கும் இது. அந்த முதற் பறத்தல் யாது, அதனால் அறியத்தக்கது எவ்வளவு, அறியமுடியாதது எவ்வளவு என்பனவற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

கடலோடு இவ்விரு மாவட்டங்களுக்கும் உறவில்லை என்று எவரும் எண்ணவேண்டா. அரியலூரிற் சிமிட்டி ஆலைகளுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கற் சுரங்கங்களிலே கடல்வாழ் உயிர்களின் கல்லுருக்கள் அகப்படுகின்றன. பல கோடி ஆண்டுகட்கு முன் இந்நிலம் கடலடியாக இருந்தது. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரிற் கிடக்கும் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரமும், 1940-ஆம் ஆண்டில் நிலநூல் வல்லுநர் எம். எஸ். கிருஷ்ணன் அவர்கள் கண்டறிந்தது, அப்பழங்கடலிற் புதையுண்டு கல்லானதே. சரித்திர காலத்திற்கு வந்தாலோ, 1025-ஆம் ஆண்டளவில் ஸ்ரீவிஜயத்தின்மேற் கப்பற்படை செலுத்திய இராஜேந்திர சோழன், தன் தலைநகரைக் கடற்கரையில் அமைத்தானல்லன். இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலேயே அமைத்தான். ஆதலின், உள்நாட்டிற் பிறந்தவன் கடற்பணிக்கு ஏலான் என்னும் பேச்சு நம்மிடம் செல்லாது. குறை வேறிடத்தில் உள்ளது. இவ்விரு மாவட்டங்களிலும் விமானதளம் ஒன்றேனும் இல்லை. திருச்சிராப்பள்ளியை நோக்கித் தாழ்ந்துவரும் விமானத்தை அண்ணாந்து பார்ப்பதே நம் பிள்ளைகட்குக் கிடைக்கும் விமானக் கல்வி. நெடுந்தூரம் பறக்கவல்லாரை அருகே காணவேண்டின், இமயத்தைக் கடந்து கரைவெட்டி ஏரிக்கு வரும் வரித்தலை வாத்துக்களிடமே செல்லவேண்டும்!

தமிழ்நாடு முழுவதையும் நோக்கின் நிலை இத்துணை வறுமையானதன்று. 1910-ஆம் ஆண்டிலேயே, சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த தாஞ்செலிஸ் என்பவர் சிம்ப்ஸன் கம்பெனியாரைக்கொண்டு ஒரு விமானத்தைச் செய்வித்துப் பல்லாவரத்திற் பறந்து காட்டினார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு தென்னாட்டிலும் இலங்கையிலும் தளங்கள் பல அமைத்தது. அவற்றிற்கு இட்ட பெயர்கள் நம் செவிக்கு இனியவை. தாம்பரத்துத் தளம் 'வல்லூறு'; சூலூர்த் தளம் 'வைரி'; கோயமுத்தூரிலிருந்த விமானப் பழுதுபார்க்கும் சாலை 'கருடா'; இலங்கைப் புத்தளத்துத் தளம் 'ராஜாளியா'. புத்தளத்திலே மழைச்சேற்றில் அழுந்திய போர்விமானங்களை யானைகளைக் கட்டி இழுப்பித்தனர் என்பதைப் படிக்கும்போது நகையும் வியப்பும் ஒருங்கே தோன்றுகின்றன. பெரம்பலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே செல்வோர், உளுந்தூர்ப்பேட்டைக்கருகிலும் அந்த யுத்தகாலத்து ஓடுபாதை ஒன்று இருப்பதை அறிவர்.

யுத்தம் ஒழிந்து நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் பறவைப் பெயரிடும் வழக்கம் ஒழியவில்லை. 1953-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் கொச்சியில் நம் கடற்படையின் முதல் விமானதளம் 'கருடா' என்னும் பெயரோடே தொடங்கப்பெற்றது. 1961-இல் நம் முதல் விமானந்தாங்கிக் கப்பலாகிய 'விக்ராந்த்' சேர்ந்தது. அவ்வாண்டு மே 18-ஆம் நாள் தஹிலியானி என்னும் இளம் அதிகாரி ஜெட் விமானத்தை அதன் தளத்தின்மீது இறக்கினார். பிற்காலத்தில் அவரே கடற்படைத் தலைவரானார். தமிழ்நாட்டில், அரக்கோணத்து 'ராஜாளி' 1992-இலும், இராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளியிலுள்ள 'பருந்து' 2009-இலும் தொடங்கப்பட்டன. அரக்கோணத்து ஓடுபாதை 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னை விமானநிலையம் வெள்ளத்தில் மூழ்கியபோது, பிரயாணிகளை ஏற்றிய விமானங்கள் அங்கிருந்து இயங்கியது பலர்க்கு நினைவிருக்கும். கடற்படையின் ஹெலிகாப்டர்ப் பயிற்சிப் பள்ளியும் அரக்கோணத்திலேயே இருக்கிறது.

நிற்க. பறத்தலைக் கற்பிக்குமுன் பறத்திப் பார்க்கும் வழக்கம் எவ்வாறு தோன்றியதென்பதை இனிக் காண்போம். யுத்தகாலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையார், விமானிகளாகத் தேர்ந்தெடுத்த இளைஞருள் மிகப்பலர் பயிற்சியின் நடுவிலே கைவிடவேண்டியவராதலைக் கண்டனர். ஒவ்வொருவர்க்கும் செலவான பொருளும் காலமும் வீணாயின. எனவே, நெடும்பயிற்சிக்கு அனுப்புமுன் சிறிய இரட்டைச் சிறகு விமானங்களிலே சுமார் 12 மணி நேரம் பறக்கவைத்துத் தரம்பிரிக்கும் முறையைக் கைக்கொண்டனர். அங்குள்ள கடற்படையும் இதனையே பின்பற்றியது. டார்ட்மத் கடற்படைக் கல்லூரி மாணாக்கர்க்காகப் பிளிமத் நகரை அடுத்த ரோபரோ தளத்தில் டைகர் மாத் விமானங்களும், பின்னர்ச் சிப்மங்க் விமானங்களும் நெடுங்காலம் பறந்தன.

இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. முதல் நாளில் மாணாக்கன் விமானத்தைச் செவ்வையாக ஓட்டினானா என்பதை ஆசிரியர் அத்துணைப் பொருட்படுத்துவதில்லை. ஒருமுறை செய்து காட்டியதை அவன் எவ்வளவு விரைவிற் பற்றிக்கொள்கிறான், நேற்றுச் செய்த பிழை இன்று குறைந்ததா, ஒரு கையில் ஒரு வேலையிருக்கும்போது செவி மற்றொன்றைக் கேட்கிறதா என்பனவற்றையே நோக்குவர். தட்டுத்தடுமாறித் தொடங்கி நாள்தோறும் முன்னேறுபவன் தேறுவான். முதல் நாளிலே பலரும் புகழப் பறந்து, பத்தாம் நாளிலும் அங்கேயே நிற்பவன் தேறான். துணிவை அளப்பதற்கென்றே முதற்பறத்தல் ஏற்பட்டதாகப் பலர் கருதுகின்றனர். துணிவு வேண்டுவதுதான், ஆயினும் அது பலரிடம் உள்ளது. கலக்கத்தின் நடுவே கற்கும் ஆற்றலே அரிதாகக் கிடைப்பது.

நம் தேசத்திலே இளைஞர் செலவின்றிப் பறந்து பார்ப்பதற்குள்ள வழிகளுள் முதன்மையானது தேசிய மாணவர் படை. 1948-இல் தோன்றிய அப்படையில் விமானப் பிரிவு 1950-இலும் கடற்பிரிவு 1952-இலும் சேர்க்கப்பட்டன. விமானப் பிரிவு மாணாக்கர் முன்பு கிளைடர்களிலும், பின்னர் மைக்ரோலைட் என்னும் மிகச் சிறு விமானங்களிலும் ஏற்றப்பட்டனர். இக்காலத்தில் இதற்குப் பயன்படும் 'வைரஸ்' என்னும் விமானம் ஸ்லோவேனியா தேசத்துப் பிப்பிஸ்ட்ரல் கம்பெனியாரது. நோயின் பெயரைப் பறக்கும் பொருளுக்கு ஏன் இட்டனரோ, அறியோம்! விமானப்படை, கடற்படை, தேசிய மாணவர் படை ஆகிய மூன்றுக்குமாகவே நம் அரசாங்கத்தார் இதனை வாங்கினர். அதன் இயந்திரம் 80 குதிரைத்திறனுடையது. ஒரு சாதாரண மோட்டார்க் காரின் வலிமைதான். ஆசிரியரும் மாணாக்கரும் அருகருகே அமர்வர். கருவிகள் இருவர் கைக்கும் எட்டுமாறு இருக்கும்.

இத்தகைய விமானத்தில் முதன்முறை ஏறும் மாணாக்கன் காண்பது யாது? ஏறுமுன்பே பாடம் தொடங்குகிறது. ஆசிரியர் விமானத்தைச் சுற்றிவந்து, சிறகின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, இணைப்பு ஆணிகளை நோக்கி, சக்கரங்களையும் எரிபொருளையும் சோதிப்பார். நேற்று மாலையிலே சோதித்தது தானே என்று கேட்கும் மாணாக்கனுக்கு, ஆகாயத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்க இயலாது என்பதை அப்பொழுதே உணர்த்துவர். பின்பு வாரினால் இறுகப் பிணித்து, கதவை அடைத்து, ஓடுபாதையை நோக்கி மெல்ல உருட்டிச் செல்வர். இங்கே அநேகமாக எல்லோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். மோட்டார் வண்டி ஓட்டிப் பழகியவர் வளைவு வந்தவுடன் கையிலுள்ள தண்டைத் திருப்புவர். விமானமோ நேரே செல்லும். தரையில் அதனைத் திருப்புவன கால்களின் கீழுள்ள மிதிகட்டைகளே. கை செய்யவேண்டியதைக் காலும், கால் செய்யவேண்டியதைக் கையும் செய்ய முயல்வதைக் காணும் ஆசிரியர் புன்னகையோடிருப்பார்.

எழுந்தபின் ஆசிரியர் மூன்று செய்கைகளைக் காட்டுவர். தண்டை முன்னே தள்ளினால் மூக்குத் தாழும். பின்னே இழுத்தால் உயரும். இடப்புறம் சாய்த்தால் விமானம் இடப்புறம் சாயும். மிதிகட்டையை அழுத்தினால், வாலிலுள்ள சுக்கான் அசைந்து மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும். சொல்லுதற்கு எளியது, ஆனால் சாய்வும் திருப்பமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. தண்டை மட்டும் இடப்புறம் சாய்த்தால், உயரும் வலச்சிறகு காற்றின் எதிர்ப்பை மிகுதியாகப் பெறுவதால், மூக்கு முதலில் வலப்புறமே ஒதுங்கும். இடப்பக்கம் திரும்ப விரும்பியவன் வலப்பக்கம் ஒதுங்கக் கண்டு திகைப்பான். அதனைச் சுக்கானால் ஈடுசெய்யக் கற்றுக்கொள்ளும் கணமே முதற்பறத்தலின் உண்மையான பாடம். கொள்ளிடத்திற் பரிசல் தள்ளிப் பழகியவர் இதனைச் சற்று எளிதில் உணரலாம். நீரும் காற்றும் தம்மைத் தள்ளும் பொருளை நேரே செல்ல விடுவதில்லை.

"இனி நீ பிடித்துக்கொள்" என்று ஆசிரியர் சொல்லும்போது, புதியவன் தண்டை ஏர்க்கலப்பையின் மேழியைப் பற்றுவதுபோல் இறுகப் பற்றுகிறான். விமானம் மேலும் கீழும் அலைகிறது. "இரண்டு விரல்களாற் பிடி" என்பது ஆசிரியர் அடிக்கடி கூறும் வார்த்தை. சமநிலையில் வைத்த விமானம் தானே பறக்கவல்லது. அதனைக் கெடுக்காமலிருப்பதே தொடக்கத்தில் மாணாக்கன் செய்யத்தக்க உதவி. கண்ணும் அவ்வாறே தவறிடத்திற் செல்லும். எதிரேயுள்ள கடிகாரம்போன்ற கருவிகளை உற்றுநோக்கி, அவற்றின் முள்ளைத் துரத்துவான். ஆசிரியரோ வெளியே அடிவானத்தைப் பார்க்கச் சொல்வர். மூக்குக்கும் அடிவானத்திற்கும் உள்ள இடைவெளி மாறாதிருந்தால், கருவிகள் தாமே அடங்கும்.

இவ்வாறு அடிவானத்தை நம்பக் கற்றவனுக்குக் கடல் மற்றொரு பாடத்தை வைத்திருக்கிறது. மூடுபனி நாளில், கடலும் வானும் ஒரு நிறமாகி அடிவானம் மறைந்துவிடும். இரவிற் சொல்லவேண்டுவதில்லை. நம் காதினுள்ளே உடலின் சாய்வை உணர்த்தும் நுண்ணிய குழாய்கள் உள. அவற்றிலுள்ள நீர் அசையும்போதுதான் நாம் சுழல்வதை அறிகிறோம். ஒரே சீராகச் சிறிது நேரம் சுழன்றால் அந்நீரும் உடன் சுழன்று, அசைவின்மை போலத் தோன்றும். அப்பொழுது சாய்ந்து சுழலும் விமானத்தில் இருப்பவன், நேரே செல்வதாகவே உறுதியாக நம்புவான். தன் உடம்பு சொல்வதை மறுத்துக் கருவி சொல்வதை ஏற்கவேண்டிய நிலை அது. நல்ல ஆசிரியர் முதற்பறத்தலிலேயே மாணாக்கனைக் கண்ணை மூடச்செய்து, மெல்லத் திருப்பி, "இப்போது எப்பக்கம் திரும்புகிறோம்?" என்று வினவுவதுண்டு. பிழையான விடை சொல்லிக் கண்ணைத் திறப்பவன், அதன்பின் கருவிகளை இகழமாட்டான்.

சிலர்க்கு முதல் நாளில் வாந்தி வரும். இதனை மானக்கேடாகக் கருதுதல் அறியாமை. பலர்க்குச் சில பறத்தல்களில் இது நீங்கிவிடுகிறது. சிலர்க்கே நீங்காமல் நிற்கும். எவ்வகையினன் தான் என்பதை ஒருவன் 18 வயதிலே அறிந்துகொள்வது, 23 வயதில் அறிவதினும் மேலன்றோ?

இங்கே நம் மாணாக்கர்க்கு மிக இன்றியமையாத செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும். நம் முப்படைகளில் விமானியாக விரும்புவோர்க்கு, தேர்வுக் குழுவின்முன் தண்டும் மிதிகட்டையும் கொண்ட கணினிக் கருவியால் ஒரு திறன்சோதனை நடைபெறுகிறது. இதில் ஒருமுறை தவறியவர், விமானிக்கான அச்சோதனைக்கு வாழ்நாளில் மறுமுறை அமர இயலாது. ஏனைய தேர்வுகளில் தோற்றால் அடுத்த ஆண்டு எழுதலாம். இதிலோ கதவு ஒருமுறையே திறக்கிறது. இந்நிலையில், சென்னையிலோ பெங்களூரிலோ வளர்ந்து, விமானம் ஓட்டிப் பார்த்த ஒருவனும், கை கால்களை வெவ்வேறாக இயக்கும் பழக்கமே இல்லாத நம் கிராமத்துப் பிள்ளையும் ஒரே கருவியின்முன் அமர்கின்றனர். சில மணி நேரப் பறத்தலால் ஒருவன் திறமையில்லாமலே தேறிவிடுவான் என்று நாம் சொல்லவில்லை. திறமையுள்ளவன் திகைப்பினால் தோற்காதிருக்க அது உதவும்.

இதனாலேயே நம்மைப் போன்ற உள்நாட்டுக் கல்விச்சாலைகளில் தேசிய மாணவர் படையின் தரைப்பிரிவு மட்டுமே பெரும்பாலும் இருப்பது நமக்கு வருத்தம் தருகிறது. கடற்பிரிவு கடலோரத்திலும், விமானப் பிரிவு விமானதளத்திற்கு அருகிலும் அமைதல் இயல்பே. செலவும் வசதியும் அதனையே வேண்டும். ஆயின், வாய்ப்பு இல்லாத இடத்திற்கே வாய்ப்பு மிகுதியும் தேவை. பெரம்பலூர், அரியலூர் மாணாக்கர் இப்பணியில் உறுதியுடையவராயின், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அங்கு எப்பிரிவு உளதென்று விசாரித்தல் நலம். சேர்ந்தபின் விசாரிப்பது காலங்கடந்த செயல். மற்றொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. விமானப் பிரிவினர்க்குப் பறத்தல் கிடைக்கும், கடல் கிடைக்காது. கடற்பிரிவினர்க்குப் பாய்மரப் படகும் கப்பலும் கிடைக்கும், பறத்தல் கிடைப்பது அரிது. கடற்படை விமானிக்கோ இரண்டும் வேண்டும். எதில் இடம் கிடைத்தாலும் சேர்ந்து, மற்றதை விடுமுறையில் தேடிக்கொள்வதே வழி.

உடற்சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரியலூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர், நான்காண்டு ஊக்கமாகப் படித்து எழுத்துத் தேர்விலும் நேர்முகத்திலும் தேறிய பின்னரே, தமக்குச் சிவப்பும் பச்சையும் செவ்வையாகப் பகுத்துத் தோன்றாமையை அறிந்தார். அதுவரை அவர் அதனை உணர்ந்ததேயில்லை. பிறந்தநாள் தொட்டு உலகம் அவர்க்கு அவ்வாறே தோன்றிவந்தது. வண்ணப்புள்ளிகளுக்கிடையே எழுதிய எண்ணைப் படிக்கச் செய்யும் சோதனை சில நிமிஷங்களில் முடிவது. எந்தக் கண் மருத்துவரும் செய்யக்கூடியது. உயரம், உட்கார்ந்த உயரம், காலின் நீளம் ஆகியவற்றிற்கும் விமானிக்குத் தனி வரையறைகள் உண்டு. இவற்றைப் பள்ளியிறுதி வகுப்பிலேயே பார்த்துக்கொண்டால், வழி அடைபட்டவர் வேறு வழியை நாடக் காலம் இருக்கும்.

இனி, முதற்பறத்தல் காட்டமுடியாததையும் கூறவேண்டும். நெல் வயலுக்கருகே அமைந்த ஓடுபாதை, நாம் எழுந்து மீளும் வரையில் அசையாது கிடக்கும். கப்பலோ ஓடிக்கொண்டும், உருண்டும், முன்னும் பின்னும் தாழ்ந்தெழுந்தும் இருக்கும். அரக்கோணத்தில் 4,000 மீட்டருக்குமேல் உள்ள இடம், 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் கொச்சியிற் கடற்படையிற் சேர்ந்த புதிய 'விக்ராந்த்' கப்பலில் முழு நீளமே 262 மீட்டராகச் சுருங்குகிறது. எழும்போது முன்புறம் மேல்நோக்கி வளைந்த தளம் விமானத்தைத் தூக்கிவிடும். இறங்கும்போது வாலடியிலுள்ள கொக்கி, குறுக்கே கட்டிய கம்பி வடத்தைப் பற்றி நிறுத்தும். ஹெலிகாப்டர் விமானிக்கோ, சிறு போர்க்கப்பலின் பின்புறத்துள்ள மேடையே இறங்குமிடம். இதற்கெல்லாம் பழகுதல் பல ஆண்டுகளின் வேலை. எழிமலையிலுள்ள கடற்படைக் கலாசாலையில் அதிகாரிப் பயிற்சி. பின்பு விமானத்தில் அடிப்படைப் பயிற்சி. அதன்பின் கடலைக் காவல்புரியும் டார்னியர் விமானத்திற்குக் கொச்சியிலும், ஹெலிகாப்டருக்கு அரக்கோணத்திலும், போர்விமானத்திற்கு வேறிடத்திலுமாகப் பிரிந்து செல்வர்.

மகளிர்க்கும் இவ்வழி திறந்துள்ளது. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கொச்சியில் ஷிவாங்கி என்னும் அதிகாரி கடற்படையின் முதற் பெண் விமானியானார். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அனாமிகா பி. ராஜீவ் என்பார் அரக்கோணத்துப் பள்ளியினின்று தேறி, கடற்படையின் முதற் பெண் ஹெலிகாப்டர் விமானியெனச் சிறகுச்சின்னம் பெற்றார். நம் கலாசாலையிற் பயிலும் பெண்மக்களின் பெற்றோர், அரக்கோணம் எத்துணை அருகிலுள்ளதென்பதை எண்ணிப் பார்ப்பாராக.

முதற்பறத்தலில் இத்தொழில் தமக்கு ஏற்றதன்று என்று கண்டவர் வெறுங்கையராய்த் திரும்பவேண்டுவதில்லை. நீண்டதூரம் கடலைக் கண்காணிக்கும் விமானங்களில் விமானியைத் தவிர, ராடார் முதலிய கருவிகளைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி, அப்பணியை நடத்தும் அதிகாரிகளும் செல்கின்றனர். 2013 முதல் அரக்கோணத்திலிருந்து பறக்கும் பி-8ஐ விமானங்களில் அவர்களுக்குப் பெரும் பொறுப்பு உண்டு. தரையிலிருந்து விமானங்களின் போக்குவரத்தை நடத்துவோரும், இயந்திரங்களைப் பேணும் பொறியியல் அதிகாரிகளும் உளர். தண்டைப் பிடித்தபோது கை நடுங்கிய ஒருவன், அதே பறத்தலில் ஆசிரியர் கேட்ட திசையையும் உயரத்தையும் தவறாது சொல்லிக்கொண்டு வந்தானாயின், அவனைப் பார்த்த ஆசிரியர் குறிப்பேட்டில் அதனையும் எழுதியிருப்பார். விண்ணப்பம் எழுதுமுன் அக்குறிப்பை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்க.